ஆறிப்போன வண்டியும் என் கைராசியும்

சூட்டில் நின்றுபோன பழைய வண்டி மறுபடி கிளம்ப மறுத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று, பட்டறைக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் போன வாரம் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டேன். கிழவனுக்கு மறந்துபோயிற்று என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவெல்லாம் இல்லை. அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எனக்கு இன்றும் முகம் சூடாகிவிடும். நேரில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பாதி வரைக்கும் சிரிக்கலாம்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, நாகர்கோவில் இன்னும் இந்த மலையாளப் பக்கமே இருந்த வருஷங்கள் அவை. நான் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து தம்பானூரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தேன். முதலாளியும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். இப்போது நீங்கள் பார்க்கிற ஆட்டோக்காரர்கள் கூட்டமெல்லாம் அன்று ஏது? பஸ் நிலையத்துக்கு வெளியே குதிரை வண்டிகள் நிற்கும். ஊரில் மோட்டார் வைத்திருந்தவர்களை முதலாளி விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். அதில் பாதி யுத்தத்துக்கு முன்னால் வந்த வண்டி.

அப்படி ஒரு வண்டி கரமனை அக்ரஹாரத்து டாக்டருடையது. டாக்டருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பூர்வீகம் திருநெல்வேலி. டிரைவர் கிடையாது, தானே ஓட்டுவார். காலையில் கரமனையில் கிளம்பி, கோட்டைக்குள் ஒரு வீடு, சாலைக் கடைத்தெருவில் ஒரு வீடு, வஞ்சியூரில் ஒரு வீடு என்று நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே போவார். முதல் வீட்டில் வண்டி கிளம்பும். இரண்டாவது வீட்டிலும் கிளம்பும். மூன்றாவது நான்காவது வீட்டில், நன்றாகச் சூடேறியபின் நிறுத்தினால், அவ்வளவுதான். முன்னால் செருகி எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை எத்தனை தடவை போட்டாலும் உறுமக்கூடச் செய்யாது.

உடனே அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் எங்கள் பட்டறைக்கு நடந்து வருவான். முதலாளி என்னை அனுப்புவார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, அவனோடு நடந்து போவேன். பானெட்டைத் திறந்து அங்கே இங்கே தொட்டுப் பார்ப்பேன். பிளக் கம்பிகளை ஒருமுறை அழுத்திவிடுவேன். ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுற்று. வண்டி கிளம்பிவிடும்.

முதல் தடவை எனக்கே ஆச்சரியம். இரண்டாம் தடவை சந்தோஷம். அதற்கப்புறம் தலைக்கனம்.

"ஓய், நான் ஸ்டெதஸ்கோப் வச்சுப் பார்க்கறதை நீர் வெறுங்கையாலேயே பார்த்துடறீர், கேட்டீரா," என்பார் டாக்டர். அவருக்குத் தமாஷ். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். நோயாளி வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வஞ்சியூரில் ஒரு வீட்டம்மா, "அவன்றெ கைப்புண்ணியம்" என்று வியந்ததை வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். தமிழில் கைராசி, மலையாளத்தில் கைப்புண்ணியம். இரண்டு பாஷையிலும் எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

வண்டியைப் பட்டறையில் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம், பல தடவை. ஆனால் கரமனையிலிருந்து தம்பானூர் வரை நேராக வருகிற தூரத்துக்கு அது அவ்வளவு சூடேறாது. பட்டறையில் நிறுத்தினால் சொன்னபடி கிளம்பும். பிளக்கைச் சுத்தம் செய்வோம், பெட்ரோல் குழாயை ஊதிவிடுவோம், அனுப்பிவிடுவோம். அந்த வண்டி சூட்டில் செத்துக் கிடந்த நேரத்தில் நான் ஒரு நாளும் அதன் பக்கத்தில் இருந்ததில்லை. இதை நான் ஒருமுறையாவது யோசித்தேனா என்றால், இல்லை. யோசிக்கிற வேலையைக் கைராசியிடம் விட்டுவிட்டேன்.

முதலாளிக்கும் அது வசதியாக இருந்தது. "மக்கா, ஒனக்க கையில என்னமோ இருக்கு. நீ சும்மா தொட்டாப் போதும், கேட்டியா," என்று நாலு பேர் முன்னால் சொல்வார். புதிதாக லாரி வாங்கியவர்கள் தேங்காய் உடைத்து, முதல் ஹேண்டிலை நான்தான் போட வேண்டும் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவேன். மெக்கானிக் வேலைக்கு வெள்ளை வேட்டி! நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

டாக்டர் மாதம் ஒருமுறை போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வருவார். அங்கே மருந்து கொடுக்க ஒரு கம்பவுண்டர் மட்டும்தான். பெரிய நோவு என்றால் டாக்டர் வருகிற நாளுக்குக் காத்திருக்க வேண்டும். மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிட ஆள் இல்லை என்று, ஒரு மாதம் என்னையும் கூட அழைத்தார்.

"நீர் பக்கத்துல ஒக்காந்திண்டா போதும் ஓய். வண்டிக்குப் பயம் இருக்கும்."

நானும் முன் சீட்டில் சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்து போனேன்.

நெடுமங்காடு தாண்டி, விதுராவில் மலையேறும் முன் ரோட்டோரத்தில் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். தோட்டத்துத் தொழிலாளி. என் வயதுதான் இருக்கும். டாக்டர் வருகிற நாள் என்று தெரிந்து, விடிவதற்கு முன்பே மலையிறங்கி வந்து காத்திருக்கிறான். அவன் பெண்டாட்டிக்குத் தலைப்பிரசவம். நேற்று சாயங்காலம் எடுத்த வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று கம்பவுண்டர் கைவிரித்துவிட்டார்.

"ஏறு, ஏறு," என்றார் டாக்டர். எஞ்சினை அணைக்கவே இல்லை. அவன் பின் சீட்டில் ஏறினான். கூரை மடித்த வண்டி அது; உட்காரத் தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான்.

மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம். ஒரு வளைவில் மரக்கிளை ஒன்று முறிந்து ரோட்டின் குறுக்கே கிடந்தது. நானும் அவனும் இறங்கி இழுத்துப் போட்டோம். வண்டியை ஏற்றத்தில் பிடித்து நிறுத்தியிருந்த டாக்டருக்குக் கிளட்சிலிருந்து கால் வழுக்கிவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

டாக்டர் பதறவில்லை. கல் எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "வாரும், உம்ம கையைக் காட்டும்."

அந்த ஆள் மட்டும் தயங்கினான். "ஐயா, இதோ இந்தத் தேயிலைக்குள்ள ஒரு குறுக்கு வழி இருக்கு. நடந்தா ஒரு மணி நேரத்துல எங்க லயத்து வீட்டுக்குப் போயிரலாம்."

"எதுக்குடா? இவர் தொட்டா வண்டி எழுந்திருக்கும். அஞ்சு நிமிஷத்துல நாம மேலே இருப்போம்."

அவன் என்னைப் பார்த்தான். சட்டென்று என் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சேர வேண்டிய மரியாதை போலக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

சுவிட்சைப் போட்டேன். ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுற்று. ஒன்றும் இல்லை. இன்னொன்று. ஒன்றும் இல்லை.

நீங்கள் என்ன செய்வீர்கள்? பானெட்டைத் திறந்து, பிளக் கம்பியைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பீர்கள். வந்தால் பெட்ரோலில் கோளாறு, வராவிட்டால் மின்சாரத்தில் கோளாறு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடம். எனக்கும் தெரியும். நான் செய்யவில்லை. தொட்டவுடன் கிளப்புகிற ஆள் சோதித்துப் பார்ப்பதா? சோதித்தால் எனக்குத் தெரியவில்லை என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். அதனால் திரும்பத் திரும்ப ஹேண்டிலையே சுற்றினேன். கை கொப்பளித்தது. பிறகு, வேலை நடக்கிறது என்று காட்டிக்கொள்வதற்காக ஒவ்வொரு பிளக்காகக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினேன். கார்புரேட்டரைத் தட்டினேன். பிறகு மறுபடி ஹேண்டில்.

அந்த ஆள் ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "ஓய், என்ன கோளாறுன்னு தெரியறதா?"

"இப்ப ஆயிரும் டாக்டர்."

அது பொய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு பத்து சுற்று சுற்றினேன். வேர்வை கண்ணில் இறங்கியது.

"சத்தியமாச் சொல்லும். நாங்க நடக்கட்டுமா, வேண்டாமா?"

"ஒரு நிமிஷம் டாக்டர். ஒரே நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் டாக்டர் என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார். பின் சீட்டிலிருந்து பையை எடுத்து அந்த ஆளிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "போட்டும், சாரமில்லை," என்றார். பரவாயில்லை என்று மலையாளத்தில் சொல்வதைத்தான் கரமனைத் தமிழில் அப்படிச் சொல்வார்கள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு பேரும் தேயிலைச் செடிகளுக்குள் ஏறி மறைந்தார்கள். ஐம்பது வயது மனிதர், கொஞ்சம் பருத்த உடம்பு. மூச்சு வாங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் சுவிட்சை அணைத்தேன். எதற்கென்று யோசித்து அணைக்கவில்லை, வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மட்கார்டில் உட்கார்ந்தேன். வெற்றிலைப் பையை எடுத்து, போட மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. ஊருக்குத் திரும்பினால் என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பெண்ணை அல்ல, என் பெயரைத்தான் நினைத்தேன். இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் புண்ணியமில்லை.

பிறகு எழுந்து, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், சுவிட்சைப் போட்டு ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

வண்டி கிளம்பிவிட்டது.

எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் நின்றுகொண்டு எனக்கு விளங்கியது. கோட்டைக்குள்ளிருந்து ஆள் தம்பானூருக்கு நடந்து வருவான். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்ப நடந்து போவேன். அதற்குள் வண்டி ஆறிவிடும். ஆறின வண்டியை யார் சுற்றினாலும் கிளம்பும். அந்த வீட்டுச் சமையல்காரன் சுற்றியிருந்தாலும் கிளம்பியிருக்கும். என் கையில் ராசி ஏதும் இல்லை. என் நடைதான் மருந்து. இன்று நான் வண்டியோடு கூடவே வந்ததால் அந்த நடை இல்லாமல் போயிற்று. தேங்காய் உடைத்த லாரிகளும் அந்த வெள்ளை வேட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. யாரும் இல்லாத மலையில் எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

வண்டியை ஓட்டிக்கொண்டு மேலே போனேன். லயம் என்பது தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக நிற்கிற இடம். அங்கே நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் உள்ளே போயிருந்தார். வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். உள்ளிருந்து அந்தப் பெண் கத்துகிற சத்தம் கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன சத்தம்.

அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் வண்டி வேண்டியிருக்கும். பெண்ணைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆனால் மறுபடி அது ஏமாற்றக்கூடாது. அன்றைக்கு முதல்முறையாக மெக்கானிக் செய்ய வேண்டிய வேலையைச் செய்தேன். எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றினேன். அணைத்தேன். உடனே சுற்றினேன். கிளம்பவில்லை. நல்லது, நோய் இப்போது என் கண்முன்னால் இருக்கிறது. பிளக் கம்பியைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தேன். தீப்பொறி இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் இருந்தது. அப்படியானால் மின்சாரம்தான். காயிலில் கை வைத்தேன். பாட்டரி மின்சாரத்தைப் பெருக்கி பிளக்குக்கு அனுப்புகிற அந்தச் சின்ன உருளை, எஞ்சினை ஒட்டி மாட்டியிருந்தது. சுரீர் என்று விரல் வெந்தது. உள்ளே கம்பிச் சுருள் பழசாகி, சூடேறினால் செத்துவிடுகிறது. ஆறினால் பிழைக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

பக்கத்தில் ஓடையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. துண்டை நனைத்துப் பிழிந்து காயில்மேல் சுற்றினேன். இரண்டு மூன்று தடவை மாற்றிச் சுற்றினேன். ஹேண்டில் போட்டேன். கிளம்பியது. மறுபடி சூடேற்றி அணைத்து, துண்டில்லாமல் சுற்றிப் பார்த்தேன். கிளம்பவில்லை. துண்டு போட்டேன். கிளம்பியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கீழே அந்த வளைவிலும் பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. கைக்கெட்டுகிற தூரம். இதைவிட மோசம் ஒன்று சொல்கிறேன். நான் வித்தை காட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்கச் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்ததால் காயில் ஆறவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால்கூட வண்டி பிழைத்திருக்கும். நான் காட்டிய வேலைதான் அதை எழவிடாமல் செய்தது. இத்தனையும் எனக்குப் புரிந்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். நான் ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்சம் பொறுத்து அந்தக் கத்தல் நின்றது. பிறகு குழந்தை அழுதது. டாக்டர் உள்ளே கையை விட்டு அதைத் திருப்பி எடுத்திருந்தார். தாயும் பிழைத்தாள். நிறைய ரத்தம் போய்விட்டது, இன்னும் நேரமாகியிருந்தால் அவர் வந்தும் பிரயோஜனமில்லை என்று கம்பவுண்டர் வெளியே வந்து சொன்னார். என்னிடம் குறிப்பாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் குறிப்பாகக் கேட்டது.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் அக்கா ஒரு தம்ளரில் சீனித் தண்ணீர் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். எங்கள் பக்கத்தில் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். வைக்கிறவருடைய குணமும் ராசியும் குழந்தைக்கு ஒட்டும் என்பார்கள். அதற்கு நல்ல கை பார்த்துத் தேடுவார்கள்.

"டாக்டரய்யா ஒவ்வொரு மாசமும் சொல்லுவாரு. வெறும் கையால மோட்டாரக் கெளப்புற ஆளு நீங்கதான? வந்து புள்ளைக்குச் சேனை வையுங்க."

"எனக்கு அந்தக் கை இல்லம்மா," என்றேன். "வழியில வண்டி நின்னு போச்சு. என்னால கெளப்ப முடியல. அது ஆறினபொறவு தானாக் கெளம்பிச்சு. எப்பவும் அப்படித்தான் கெளம்பியிருக்கு. நடந்து வந்தவரு டாக்டரு, அவரக் கூப்பிடுங்க."

அவள் கேட்டுவிட்டு மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா? கைராசி உள்ளவங்க ஒத்துக்கவே மாட்டாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மறுக்க மறுக்க என் பெயர் பெரிதாகிக்கொண்டு போனது. தம்ளரை என் கையில் திணித்துவிட்டுக் குழந்தையை எடுத்துவரப் போனாள். கிரீஸ் படிந்த கையில் அந்தத் தம்ளரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது பிள்ளை பெற்றவளின் புருஷன் வெளியே வந்தான். விதுராவில் வண்டியை மறித்தானே, அவன்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. என் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தான். நான் சொன்னது உள்ளே அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், தம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். கோபமே இல்லை. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் அங்கதான ஒக்காந்திருந்தேன். தெரியலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க அப்பவே நடந்திருப்போம். அவ அவ்வளவு நேரம் கெடந்து கத்தியிருக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிட உள்ளே போனான்.